ஏட்டுக்குத் தலைப்பிரசவம்

ஏட்டு மாசமாக இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் மீனம்மாள்தான். கண்டுபிடித்ததும் அவள் செய்த காரியம், அதைப் புருஷனிடம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டதுதான்.

ஏட்டு என்பது பூனை. கறம்பக்குடியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் உடையப்பன், அவள் புருஷன், வைத்த பெயர் அது. வெள்ளை, கருப்பு, செம்பட்டை மூன்றும் கலந்த உடம்பு. மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை மாதிரி கருப்பு. அதைப் பார்த்தவுடனே, "இது ஏட்டய்யாடி" என்று சொல்லிவிட்டான். ஆணா பெண்ணா என்று வாலைத் தூக்கிப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. அவன் ஒன்று சொன்னால் சொன்னதுதான். வயிறு உருண்டு தரையைத் தொட ஆரம்பித்தபோதும், "எலி நெறைய ஆப்புடுது, தின்னு கொழுத்துப் போச்சு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

மீனம்மாள் கண்ணை அப்படி ஏமாற்ற முடியாது. வயிற்று மயிருக்குள் காம்புகள் ரோஸ் நிறத்தில் தடித்திருந்தன. போதாததற்கு ஏட்டு இடம் பார்க்க ஆரம்பித்திருந்தது. பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவைமேல் ஏறிப் படுத்துப் பார்த்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்ச் சுற்றிப் பார்த்தது. தவிட்டு மூட்டைச் சந்துக்குள் தலையை விட்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்த மாமியார் மாதிரி, இது சரிப்படாது என்று திரும்பி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் மீனம்மாளுக்கு அந்த யோசனை வந்தது.

அந்த யோசனையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு ஃபிளெக்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

போன தை மாதம் அவர்களுடைய மகன் விக்ரமுக்குக் காதுகுத்து. உடையப்பன் கடைத்தெரு முக்கத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தான். நடுவில் பையன், பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட உடையப்பன், சுற்றிலும் சொந்தபந்தம், லாரிக்காரர், கொத்தனார் என்று ஒரு கூட்டமே சிரித்தது. தாய்மாமன் ஆத்மநாதன் படம் மட்டும் கீழ் மூலையில் பாஸ்போர்ட் அளவில் இருந்தது. அதுவும் பரவாயில்லை. ஃபிளெக்ஸைக் கட்டியவன் கரண்டு போஸ்ட் மரத்தோடு சேர்த்துக் கட்டியதில், அந்த மூலை சரியாகப் போஸ்ட் மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஆத்மநாதனைப் பார்க்க வேண்டுமானால் சாக்கடையைத் தாண்டிப்போய் எட்டிப் பார்க்க வேண்டும். மீனம்மாளுக்கும் அன்றைக்கு அந்த ஒரு படம்தான் கண்ணில் உறுத்தியது. வேறு எதையும் அவள் தேடவில்லை.

ஆத்மநாதன் அவளுக்கு ஒரே அண்ணன். இரண்டு தெரு தள்ளிப் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தான், பையனை மடியில் உட்காரவைத்துக் காது குத்தினான், முறையில் ஒரு குறை வைக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் கை நனைக்காமல் எழுந்து போய்விட்டான்.

"என் மடி வேணும், என் மூஞ்சி வேணாமா?" என்றானாம்.

"ஃபிளெக்ஸ் கட்டுனவன் செஞ்ச தப்புக்கு நான் எதுக்கு எறங்கிப் போகணும்?" என்றான் உடையப்பன்.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. உடையப்பன் மீனம்மாளைப் போகாதே என்று சொல்லவில்லை. "அந்த வாசப்படிய மிதிச்சீன்னா அங்கிட்டே இருந்துக்க" என்று மட்டும் சொன்னான். பிறந்த வீடு வெளிநாட்டில் இருந்தால்கூட மனசு சமாதானமாகிவிடும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டை, தாளிக்கிற வாசம் மூக்கில் ஏற, தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவது பெரிய கொடுமை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் மீனம்மாள் அந்த வாசலைத் தாண்டுகிறவரை எட்டி எட்டி நடந்தாள்.

இப்போது கீழத்தெருவில் புது வீடு கட்டி முடித்தாயிற்று. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாகத் தேதியும் குறித்தாயிற்று. பிறந்த வீட்டுச் சீர் முன்னால் வராமல் எப்படிப் பால் காய்ச்சுவது?

"எங்கண்ணன் வராம நான் அடுப்பு பத்தவைக்க மாட்டேன். நீங்க வேணா அந்தக் கொத்தனாரை வெச்சுக் காய்ச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

"வர்றவன் வரட்டும். வாசல் தெறந்துதானே இருக்கு" என்றான் உடையப்பன். அவன் இறங்கி வருவது அவ்வளவுதான்.

ஏட்டு பிறந்தது ஆத்மநாதன் வீட்டை ஒட்டிய வாடகைச் சாமான் குடோனில். கண் திறந்து மீன் தின்ன ஆரம்பித்ததும் மீனம்மாள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆகவே அந்தக் குடோன் ஏட்டுக்குப் பிறந்த வீடு. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில். இதில் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? பூனையைக் காணோம் என்றால் எலித் தொல்லை தாங்காமல் உடையப்பன் தேடிப் போயே ஆக வேண்டும். போனால் மச்சான் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அண்ணன் மனைவி சுகுணாவுக்குப் போன் போட்டாள்.

"மதினி, ஒரு பொண்ணைப் பிரசவத்துக்கு அனுப்புறேன். பாத்துக்குவீகளா?"

விஷயத்தைக் கேட்டதும் சுகுணா சிரித்த சிரிப்பில் போன் கொரகொரவென்றது. "அனுப்பி வையி மீனா. ஆடி மாசம் குடோன் சும்மாதான் கெடக்கு. ஒங்கண்ணனும் சும்மாதான் கெடக்காரு."

சந்தை நாளன்று ஏட்டை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டுக் கட்டிக்கொண்டு மீனம்மாள் கிளம்பினாள். தெருமுனையில் அடைக்கலமேரி எதிரே வந்தாள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து லோடு ஆட்டோவில் வரும் மீனை வாங்கி வீடு வீடாக விற்கிறவள். அவள் கண்ணுக்குத் தப்பி அந்த ஊரில் ஒரு ஈ பறக்க முடியாது.

"கூடையில என்னங்க?"

"கோழி."

மீன் வாசம் பட்டதும் கூடை, "மியாவ்" என்றது.

"கோழி மியாவுங்குது?"

"புது ரகம்" என்று சொல்லிவிட்டு மீனம்மாள் வேகமாக நடந்தாள்.

பின்வாசலில் சுகுணா கையை நீட்டிக் கூடையை வாங்கிக்கொண்டாள். மீனம்மாள் வெளியிலேயே நின்றாள். புருஷன் சொல்லைத் தட்டியதாக யாரும் சொல்லக்கூடாது பாருங்கள். வாசப்படியை அவள் மிதிக்கவில்லை.

ஏட்டு குடோனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. அண்டாவை மோந்தது, ஜமுக்காளத்தைப் பிறாண்டியது, கடைசியில் மாப்பிள்ளை சோபாவைத் தேர்ந்தெடுத்தது. சிவப்பு வெல்வெட்டும் தங்கக் கலர் சிங்கக்கைகளும் வைத்த சோபா. சுற்று வட்டாரத்தில் பாதிக் கல்யாணத்துக்கு அதுதான் போகும். அடியில் துணி கிழிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்ப் பஞ்சை மிதித்து மிதித்துக் குழியாக்கிப் படுத்துவிட்டது.

மறுநாள் மதியம் சுகுணா வீடியோ காலில் வந்தாள். சோபாவைக் கொஞ்சம் சாய்த்து டார்ச் அடித்திருந்தாள். மீனம்மாள் குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்துக்கொண்டாள். ஏட்டு கத்தவில்லை. கொரகொர என்று ஒரு சத்தம் மட்டும், வலியில்கூடத் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்வது போல. உடம்பு ஒரு முறுக்கு முறுக்கியது. ஈரமாக ஒரு பொட்டலம் விழுந்தது. ஏட்டு அந்தச் சவ்வைப் பல்லால் கிழித்தது, குட்டியின் மூக்கை நக்கியது, மூச்சு வருகிறவரை நக்கியது, கொடியைக் கடித்து அறுத்தது, பின்னால் வந்த நஞ்சையும் தானே தின்று இடத்தைத் துடைத்து வைத்தது. அதற்குள் அடுத்த வலி. கண் திறக்காத முதல் குட்டி நடக்கத் தெரியாமலே ஊர்ந்து வந்து காம்பைப் பிடித்துக்கொண்டது.

"வெந்நி இல்ல, டாக்டரம்மா இல்ல, 'முக்கு முக்கு'ன்னு கத்த ஆள் இல்ல. எப்புடிச் செய்யிது பாரு மீனா" என்றாள் சுகுணா.

மீனம்மாள் மகள் இளமதியையும் விக்ரமையும் பெற்றதெல்லாம் அந்தப் பிறந்த வீட்டிலிருந்து போய்த்தான். இந்தப் பூனைக்குக் கிடைத்த இடம் தனக்கு இல்லாமல் போய்விட்டதே என்று பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் பூனைமேல் பொறாமைப்பட்டாள். ஆக மொத்தம் நான்கு குட்டிகள்.

அடைக்கலமேரி செய்தியைக் கடையில் கொண்டுபோய் இறக்கினாள்.

"ஒங்க ஏட்டு ஒங்க மச்சான் குடோன்ல நாலு புள்ள பெத்திருக்கு."

"ஏட்டு ஆம்பளை" என்றான் உடையப்பன்.

"ஆம்பளைதான் நாலுக்கும் பால் குடுக்குது. போயிப் பாருங்க."

உடையப்பன் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டான். இப்போது எழுந்து போவான் என்று மீனம்மாள் உள்ளிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவன் எழவில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

"நல்லதாப் போச்சு. தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதானே பாக்கணும்? அந்த ஆளை மொறையாச் செய்யச் சொல்லு. என் வீட்டுப் பொண்ணுக்கு ஒரு கொறை வந்துச்சுன்னா நான் பொல்லாதவன்னு சொல்லு."

மீனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வைத்த முறையை எடுத்து அவளையே அடிக்கிறானே!

செய்தி போன வேகத்தில் பதில் வந்தது. மானஸ்தனான ஆத்மநாதன் முறை செய்வதில் யாருக்கும் சளைத்தவன் இல்லை. தினமும் காலையில் சூடை மீன், ராத்திரி பால்சோறு. சோபாவைச் சுற்றித் தார்ப்பாயால் மறைப்புக் கட்டினான். "பெத்தவளுக்குக் காத்து ஆகாது" என்றானாம். கூடவே ஒரு சேதியும் சொல்லி அனுப்பினான்.

"பேறுகாலம் பாக்குறது எங்க மொறை. பாத்தாச்சு. தாயையும் புள்ளையையும் வந்து அழைச்சுக்கிட்டுப் போறது கட்டுன வீட்டு மொறை. மாப்ள நேர்ல வந்து கூப்புடட்டும்."

"சீரோட கொண்டாந்து விடுறதுதான் மொறை" என்றான் உடையப்பன்.

இப்படியே ஆடி ஓடியது. இந்தச் சண்டையில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அடைக்கலமேரி. அவளுக்கு மீனும் விற்றது, வம்பும் கிடைத்தது. ஒரு பக்கம் கேட்டதை இன்னொரு பக்கம் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துத்தான் சொன்னாள். கடையில் எலிகள் தீவன மூட்டைகளைக் கிழித்து, கணக்கெழுதும் மேஜைமேலேயே உட்கார்ந்து தின்றன. உடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சாக்குத் தைத்தான். ஆத்மநாதன் குடோனிலோ மருந்துக்குக்கூட எலி இல்லை. இந்தத் தகவலையும் அடைக்கலமேரி தவறாமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுகுணா நாள் தவறாமல் வீடியோ அனுப்பினாள். குட்டிகளுக்குக் கண் திறந்தது. காது நிமிர்ந்தது. தாய் நாக்கால் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் மூத்திரம் போன குட்டிகள், தானாகவே மூலை தேடிப் போயின. ஏட்டு ஒரு நாள் அரைகுறை உயிரோடு ஒரு சுண்டெலியைக் கொண்டுவந்து முன்னால் போட்டது. நாலும் அலறியடித்துக்கொண்டு சோபாவுக்குள் ஓடின. மீனம்மாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தேதி ஞாபகம் வந்தது. பால் காய்ச்ச இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அண்ணன் வருவதாகத் தெரியவில்லை.

அங்கே ஆத்மநாதனுக்கும் நெருக்கடி. ஆவணிக் கல்யாணங்களுக்குச் சோபா கேட்டு ஆள் வந்தது. "பெத்தவ படுத்திருக்கா" என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஒரு கல்யாண வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு நாள் மதியம் தார்ப்பாயை விலக்கிச் சோபாவில் கை வைத்தான். மறு நொடி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஏட்டு கோடு போட்டுவிட்டது.

அந்த இடம் இனி ஆகாது என்று ஏட்டு முடிவு செய்தது அப்போதுதான். பூனை வீடு மாற்ற நல்ல நாள் பார்ப்பதில்லை.

மீனம்மாள் புது வீட்டில் தரையில் ஒட்டியிருந்த சிமெண்டுக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆத்மநாதன் குடோனின் பின்சுவரிலிருந்து நாலு வீட்டு மதில் தாண்டினால் அந்த வீடு. ஜன்னலில் தொப்பென்று ஒரு சத்தம். ஏட்டு, வாயில் குட்டியோடு நின்றது. பிடரியில் கவ்வியிருந்ததால் குட்டி காலை மடக்கிக்கொண்டு அசையாமல் தொங்கியது. மீனம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏட்டு நேராக அடுப்படிக்குப் போனது. மேடைக்குக் கீழே புது சிலாப்பில் குட்டியை இறக்கி வைத்தது. திரும்பிப் போனது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. அப்புறம் களைத்துப்போய்ப் படுத்து மூன்றுக்கும் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

பெயிண்டரைப் பார்க்க வந்த உடையப்பன் அடுப்படி வாசலில் நின்றான். பிறகு மெதுவாகக் குந்தி உட்கார்ந்தான்.

"ஏட்டு... நீ பொம்பளைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான்.

மீனம்மாள் கொல்லைப்புறம் ஓடிப் போன் போட்டாள். "மதினி, மூணு இங்க வந்திருச்சு. நாலாவது அங்க இருக்கா பாருங்க."

"இருக்கு, கத்திக்கிட்டுக் கெடக்கு. நீ வையி, நான் பாத்துக்கிறேன்" என்றாள் சுகுணா. அடுத்து, கீறல் பட்ட கையில் மஞ்சள் பற்று போட்டுக்கொண்டிருந்த புருஷனிடம் போய் நின்று சொன்னதை அவளே பின்னால் மீனம்மாளிடம் நடித்துக் காட்டினாள்: "நல்லா இருக்குங்க நீங்க செஞ்ச மொறை! வீட்டுக்கு வந்த பொண்ணைப் புள்ளைகளோட வெறுங்கையா நடக்க விட்டீகளே. நாளைக்கு அடைக்கலமேரி ஊரு பூரா சொன்னா, நீங்க முக்கத்துல எப்புடி நடப்பீக?"

ஆத்மநாதன் துள்ளி எழுந்துவிட்டான். வாடகைக்கு விடுகிறவனுக்குத் தாம்பாளத்துக்குப் பஞ்சமா? தேங்காய் பழம் ஒன்று, மஞ்சள் குங்குமம் ஒன்று, கருவாட்டுப் பொட்டலம் ஒன்று என்று சுகுணாவும் பந்தல் வேலை ஆட்களும் தூக்கிக்கொண்டார்கள். கடைசித் தாம்பாளத்தில் புதுத் துண்டை விரித்து, அதன்மேல் நாலாவது குட்டி. அதை ஆத்மநாதன் தானே ஏந்திக்கொண்டான். கீழத்தெரு பூராவும் வாசலுக்கு வந்து பார்த்தது.

புது வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே உடையப்பன் எழுந்து நின்றான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிலைக்கதவைப் பார்த்தார்கள். முதலில் பேசுகிறவன் தோற்றவன். மீனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் செய்த திருட்டு வேலையெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

குட்டி ஒரு கத்துக் கத்தியது. உள்ளிருந்து ஏட்டு வந்தது. இரண்டு ஆண்களையும் மதிக்காமல் நடுவில் புகுந்து, வாசல் மேடைமேல் தாவித் தாம்பாளத்தை எட்டி, குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஆத்மநாதன் கையில் வெறும் தாம்பாளம்.

உடையப்பன் நெளிந்தான். சீர் கொண்டு வந்த தாம்பாளத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எந்த வீட்டுக்கும் ஆகாது. அதிலும் பால் காய்ச்சப் போகிற வீட்டுக்கு ஆகவே ஆகாது. சட்டைப்பையைத் தடவினான். ஒரு பாக்குப் பொட்டலம் இருந்தது. எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான்.

"வெறுந்தட்டோட யாரையும் அனுப்புற வழக்கம் இந்த வீட்டுல இல்ல" என்று நிலைக்கதவிடம் சொன்னான். பிறகு மச்சான் கையிலிருந்த கீறலைப் பார்த்தான். "நல்லாப் பிறாண்டியிருச்சா மச்சான்? உள்ள வாங்க."

மீனம்மாள் அழுதுவிட்டாள். சுகுணா அவள் தொடையில் கிள்ளினாள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சமாதானமான ஆண்கள் சும்மா இருக்க மாட்டார்களே! பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் காலையில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போய் முக்கத்தில் புது ஃபிளெக்ஸ் கட்டினார்கள். போஸ்ட் மரத்தைவிட்டுத் தள்ளியே கட்டினார்கள். மீனம்மாளையும் சுகுணாவையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

ஒரு பக்கம் உடையப்பன், மறு பக்கம் அதே உயரத்தில் ஆத்மநாதன், அவனுக்கும் கூலிங்கிளாஸ். நடுவில் புது வீடு. பிள்ளைகள், லாரிக்காரர், கொத்தனார், கரண்டு வேலை பார்த்த சந்தோஷ். கீழே ஒரு இதய வடிவத்துக்குள் ஏட்டும் நாலு குட்டிகளும்.

"எப்புடி? ஒருத்தரை விடல பாத்தியா!" என்றான் உடையப்பன்.

"ஒருத்தரைக்கூட விடலம்மா" என்றான் அண்ணன்.

மீனம்மாள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நிதானமாகப் பார்த்தாள். பூனைக் குட்டிகளைக்கூட எண்ணிப் பார்த்தாள். போன தை மாத ஃபிளெக்ஸையும் மனசுக்குள் விரித்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய், ஒயர் கூடையை எடுத்து, இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மதியம் உடையப்பன் போன் அடித்தான். "எங்கிட்டுப் போன? ஐயரு வந்து சாமான் கேக்குறாரு, வெடிஞ்சா பால் காய்ச்சணும்!"

"பொறந்த வீட்டுல இருக்கேன். வாசப்படிய மிதிச்சா அங்கிட்டே இருந்துக்கன்னு சொன்னீகல்ல, மிதிச்சுட்டேன். எல்லாரும் வீட்டுக்கு வந்தாச்சு. ஃபிளெக்ஸ்ல எல்லாரும் இருக்காக. நான் எங்கிட்டு இருக்கேன்னு போய்த் தேடிப் பாருங்க. அப்புறம் வந்து அழைச்சுக்கிட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில், விழாவுக்குச் சோபாவை ஏற்ற வேண்டும் என்று ஆத்மநாதன் ஆட்களோடு குடோனுக்குள் வந்தான். சிவப்பு வெல்வெட்டில், காலை மடக்கி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே உடையப்பனும் மூச்சு வாங்க வந்து நின்றான். முக்கத்தில் நின்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"மீனா, கொஞ்சம் எந்திரிம்மா" என்று ஆத்மநாதன் சோபாவின் சிங்கக்கையைப் பிடிக்கப் போனான்.

"கை வைக்காதீங்க" என்றாள் வாசலில் நின்ற சுகுணா. "போன தடவை வாங்குன கீறலே இன்னும் ஆறல."